பர்சாவை எடைபோட்ட மாணவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முதலாண்டுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வியைக் கேட்பேன். நோயெதிர்ப்புச் செல்களை டி செல், பி செல் என்கிறோமே, அதில் ‘டி’ எதைக் குறிக்கிறது? “தைமஸ், மேம்” என்று, நெஞ்சுக்குள் இருக்கும் அந்த உறுப்பின் பெயரைப் பாதி வகுப்பு சொல்லிவிடும். சரி, ‘பி’? “போன் மேரோ!” என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். நம் உடம்பில் அந்தச் செல்கள் எலும்பு மஜ்ஜையில்தான் உருவாகின்றன. அதனால் இந்த விடை தவறாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை. கோழியின் கழிவாய்க்கு மேலே, முதுகெலும்பை ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதற்கு ‘ஃபாப்ரிஷியஸின் பர்சா’ என்று பெயர். பி என்பது அந்தப் பர்சாவின் பி. பறவைகளுக்கு மட்டுமே உள்ள உறுப்பு அது. அது எதற்காக இருக்கிறது என்பது முன்னூறு வருடங்களுக்கு மேல் யாருக்கும் தெரியாமலே இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தவர்கள் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறையில் படித்துக்கொண்டிருந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள்: புரூஸ் கிளிக், டிமதி சாங்.

நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் செய்ய நினைக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு நிகழ்வை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். பாடப்புத்தகங்கள் இதை நான்கு வரியில், ‘தற்செயலான கண்டுபிடிப்பு’ என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. நடந்ததை வரிசையாகப் பார்த்தால், தற்செயலாக வந்தது ஒரே ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் அதற்கு முன்பே ஒரு மாணவர் பொறுமையாகச் செய்து வைத்திருந்த, யாரும் பாராட்டாத வேலை.

கோழிக்குள் ஒரு பை

முதலில் அந்தப் பையைப் பார்த்துவிடுவோம். போன வருடம் கறிக்கடையில் சொல்லிவைத்து, குடல் எடுக்காத கறிக்கோழி ஒன்றும், பண்ணையில் முட்டைக்காலம் முடிந்து விற்றுவிட்ட முட்டைக்கோழி ஒன்றும் வாங்கி வந்து வகுப்பில் அறுத்தோம். கறிக்கோழிக்கு வயது ஐந்து வாரம் இருக்கும். வயிற்றைத் திறந்து, குடலை முன்பக்கம் ஒதுக்கிவிட்டு, கழிவாய்ப் பக்கம் விரலால் தடவிப் பார்த்தால், சின்ன நெல்லிக்காய் அளவில் உருண்டையாக, வெண்ணெய் நிறத்தில் கைக்கு அகப்படும். பிளேடால் இரண்டாகக் கீறினால் உள்ளே காலியாக இராது. நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக, மூடிய புத்தகத்தின் தாள்களைப்போல் ஒரு டஜன் மடிப்புகள் நெருக்கியடித்து நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கணக்கான நுண்ணறைகள். அவை ஒவ்வொன்றும் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களால் நிரம்பியிருக்கும்.

முட்டைக்கோழியில் தேடித் தேடிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. கோழி பருவத்துக்கு வரும்போது பர்சா சுருங்கி மறைந்துவிடும். “இவ்வளவு சீக்கிரம் காணாமல் போற உறுப்பு எதுக்கு மேம்?” என்று ஒரு பெண் கேட்டாள். மிகச் சரியான கேள்வி. கிளிக்கும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார்.

அந்தப் பையை விவரித்தவர் இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறியல் கற்பித்த ஹைரோனிமஸ் ஃபாப்ரிஷியஸ். ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்விக்கு அவர் ஆசிரியர். முட்டையும் குஞ்சும் உருவாவது பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1621-இல் வெளியானது. அதில் இந்தப் பையும் இருக்கிறது. சேவலின் விந்து தங்கும் இடம் இது என்பது அவருடைய கணிப்பு. சேவலுக்கும் இதே பை இருக்கிறது என்பதால் அந்தக் கணிப்பு நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக வேறு நல்ல விளக்கமும் நெடுநாள் வரவில்லை.

ஓஹையோவின் கொலம்பஸ் நகரம், 1952

கிளிக் பின்னாளில் தானே சொன்ன கதை இது. அவருடைய பேராசிரியர் ஒரு பெருவாத்தை (கூஸ்) அறுத்துக்காட்டிக்கொண்டிருந்தார். கழிவாய்க்கு மேலே இருந்த பையைக் காட்டி, இது என்ன என்று கிளிக் கேட்டார். ஃபாப்ரிஷியஸின் பர்சா என்று பதில் வந்தது. அதற்கு என்ன வேலை? நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்றாராம் பேராசிரியர்.

அந்தப் பதிலை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் எத்தனையோ ஆய்வகங்களில் இதே கேள்விக்கு, “அதெல்லாம் நம்ம ப்ராஜெக்ட்ல இல்லப்பா” என்று பதில் வந்திருக்கும். வழிகாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. நிதி ஒரு தலைப்புக்கு வருகிறது, மூன்று வருடத்துக்கு வருகிறது, அதற்குள் கணக்குக் காட்ட வேண்டும். ஆனாலும், கேட்ட கேள்வியை மாணவருடைய கையிலேயே திருப்பிக் கொடுத்த அந்த ஒரு நிமிடம் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

1952-இல் நோயெதிர்ப்பு பற்றி என்ன தெரிந்திருந்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கிருமிகளை எதிர்க்க உடம்பு செய்துகொள்ளும் புரதங்களான எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்குவது பிளாஸ்மா செல்கள் என்பதை ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் 1948-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் காட்டியிருந்தார். (இந்தத் துறையின் தூண்களில் எத்தனை மாணவர்களின் ஆய்வேடுகள் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ண வேண்டும்.) ஆனால் அந்தப் பிளாஸ்மா செல்கள் எதிலிருந்து வருகின்றன என்பது தெரியாது. லிம்ஃபோசைட் என்ன செய்கிறது என்பதும் தெரியாது. தைமஸ் எதற்கு என்பதும் தெரியாது. ஆகவே, லிம்ஃபோசைட் நிரம்பிய ஒரு பையைப் பார்த்ததும் ‘இது நோயெதிர்ப்பு உறுப்பு’ என்று கிளிக்குக்குத் தோன்ற எந்த வழியும் இல்லை. பருவத்துக்கு வரும்போது மறைகிற உறுப்பு என்பதால் ஹார்மோன் சுரக்கும் சுரப்பியாக இருக்கலாம் என்று நினைத்தார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான யூகம்.

மூன்று வாரங்கள்

இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைப்பது இங்கேதான் வருகிறது. கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கிளிக் உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் பர்சாவை எடைபோட்டார். பொரித்த குஞ்சிலிருந்து தொடங்கி, வெவ்வேறு வயதில் கோழிகளை அறுத்து, பர்சா எப்படி வளர்கிறது, எப்போது நிற்கிறது, எப்போது சுருங்குகிறது என்று அளந்தார். பார்க்க எவ்வளவு சலிப்பான வேலை! ஒரு தராசு, ஒரு நோட்டு, கோழிக் கொட்டகை நாற்றம். ‘பர்சாவின் எடை வயதோடு மாறுகிறது’ என்று எழுதினால் எந்தப் பெரிய ஆய்விதழும் திரும்பிப் பார்க்காது. ஆனால் அந்த நோட்டிலிருந்து ஒரு விஷயம் துலங்கியது: பொரித்த முதல் மூன்று வாரங்களில்தான் பர்சா மிக வேகமாக வளர்கிறது.

ஒரு உறுப்புக்கு உடம்பில் வேலை இருந்தால், அது வேகமாக வளரும் காலத்தில்தான் அந்த வேலை நடக்கும். எடுப்பதானால் அப்போதே எடுக்க வேண்டும். அப்படித்தான் கிளிக் மிகச் சின்னக் குஞ்சுகளில் பர்சாவை அகற்றினார். பிறகு காத்திருந்தார். குஞ்சுகள் வளர்ந்தன. பர்சா இல்லாததற்கும் இருப்பதற்கும் வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஹார்மோன் யூகம் கைகொடுக்கவில்லை.

இங்கே பல மாணவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு மாத வேலையில் ‘ஒன்றும் வரவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, கோழிகளை அப்புறப்படுத்திவிட்டு, அடுத்த தலைப்புக்குப் போயிருப்பார்கள். கிளிக்கின் கோழிகள் கொட்டகையிலேயே இருந்தன.

அதே துறையில் படித்துக்கொண்டிருந்த சாங்குக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. கிருமியைச் செலுத்தினால் கோழியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும் என்பதை மாணவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும். எல்லாக் கல்லூரிகளிலும் வருடந்தோறும் நடக்கிற, பிசகவே முடியாத செய்முறை. அதற்குச் சில கோழிகள் வேண்டும். கிளிக்கிடம் கேட்டார். கிளிக்கும் தன்னிடம் இருந்த, வளர்ந்துவிட்ட கோழிகளில் சிலவற்றைக் கொடுத்தார். நிகழ்வின் தற்செயலான பகுதி இந்தக் கைமாற்றுதான்.

சாங் அந்தக் கோழிகளுக்கு சால்மொனெல்லா டைஃபிமியூரியம் கிருமியின் ‘ஓ’ ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருளைத் தூண்டும் பொருளை, செலுத்தினார். இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் தோற்றம் கண்ணில் நிற்கும். கண்ணாடிக் குழாயில் நீர்த்த பால்போலக் கலங்கியிருக்கும் பாக்டீரியாக் கரைசல். அதில் கோழியின் சீரம் சில துளி. எதிர்ப்பொருள் இருந்தால் கொஞ்ச நேரத்தில் பால் திரிந்ததுபோல் துகள் துகளாகக் கட்டி, கீழே படிந்து, மேலே தண்ணீர் தெளியும். இல்லையென்றால் கலங்கல் அப்படியே நிற்கும். சாங்கின் கோழிகளில் சில ஊசிக்குப் பிறகு இறந்தே போயின. பிழைத்தவற்றில் எதிர்ப்பொருளே இல்லாதவை இருந்தன. வகுப்பு நடுவே செய்முறை தோற்றுவிட்டது.

அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். செய்முறை தோற்றால் பழியைப் போட எத்தனையோ இடம் இருக்கிறது. ஆன்டிஜென் கெட்டுவிட்டது, அளவு தவறு, ஊசி சரியாகப் போகவில்லை, குழாய் கழுவியது சரியில்லை. அடுத்த வாரம் வேறு கோழி வாங்கித் திரும்பச் செய்தால் வகுப்பு நன்றாக முடிந்துவிடும். அவர்கள் இருவரும் எந்தக் கோழி எது என்று திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். இறந்தவையும் எதிர்ப்பொருள் செய்யாதவையும் பர்சா எடுத்த கோழிகள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வரும். நான் ஆய்வு செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒருமுறை எலிகளில் ஒரு கூட்டம் தடுப்பூசிக்கு நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகப் பதில் கொடுத்தது. ஏன் என்று தேடப் போனால், கூண்டு அட்டைகள் ஈரத்தில் ஊறி மை கலைந்துபோயிருந்தன. முன்பு இன்னொரு மாணவரின் சோதனையில் இருந்த எலிகள் அவை என்று பராமரிப்பாளர் அண்ணன் சொன்னார். எந்தச் சோதனை, என்ன கொடுத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. அந்தப் பதிலில் ஏதாவது இருந்ததா, இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தான் சாங்கும் கிளிக்கும் கோழிகளின் பூர்வீகத்தைத் திரும்பிப் போய்க் கண்டுபிடிக்க முடிந்தது என்பதை, கண்டுபிடிப்பைவிடவும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

இன்னொன்று. கிளிக் பர்சாவை மூன்று வாரத்துக்குள் எடுக்காமல், அறுவைக்கு வசதியாக இருக்கிறதே என்று வளர்ந்த கோழியில் எடுத்திருந்தால்? சாங்கின் செய்முறை அழகாக நடந்திருக்கும். குழாய்கள் எல்லாம் தெளிந்திருக்கும். யாரும் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள். இதை நான் யூகமாகச் சொல்லவில்லை. சாங் 1957-இல் தன் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது. பர்சாவை எந்த வயதில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது, வயது ஏற ஏற விளைவு குறைந்துகொண்டே போகிறது. ஆக, தராசும் நோட்டும் வைத்துச் செய்த அந்தச் சலிப்பான அளவீடுதான் பின்னால் நடந்த தற்செயலுக்கு அர்த்தம் கொடுத்தது. அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டிய நாளில், கிளிக்கின் கொட்டகையில் சரியான வயதில் பர்சா எடுத்த கோழிகள் தயாராக நின்றன.

திரும்பி வந்த கட்டுரை

ஒரு வகுப்புச் செய்முறையை மட்டும் நம்பி இருவரும் எழுதவில்லை. கூடுதல் கோழிகளை வைத்து, பர்சா எடுத்தவை ஒரு பக்கம், எடுக்காதவை ஒரு பக்கம் என்று முறையாகத் திரும்பச் செய்தார்கள். கோழி மரபியலாளர் ஜார்ஜ் ஜாப்பும் சேர்ந்தார். முடிவு அதேதான். பர்சா எடுத்த கோழிகளில் பெரும்பாலானவை எதிர்ப்பொருள் செய்யவில்லை.

‘சயின்ஸ்’ இதழுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது. இது எப்படி நடக்கிறது என்பதை இன்னும் விளக்கிவிட்டு வெளியிடுங்கள் என்பது ஆசிரியர்களின் கருத்து. கடைசியில் 1956-இல் ‘பௌல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழியியல் இதழில் இரண்டு பக்கத்தில் அச்சானது. நோயெதிர்ப்பியலாளர்கள் புரட்டுகிற இதழ் அல்ல அது.

இந்த நிராகரிப்பை எல்லோரும் ‘சயின்ஸ் செய்த பெரும்பிழை’ என்று சொல்வார்கள். எனக்கு இதில் இரண்டு மனம். எப்படி நடக்கிறது என்று கேட்டது நியாயமான கேள்விதான். கிளிக்கிடமும் சாங்கிடமும் அதற்குப் பதில் இல்லை. பர்சா எதிர்ப்பொருளைத் தானே செய்கிறதா, செய்கிற செல்களை வளர்த்து அனுப்புகிறதா, ஏதோ ஹார்மோன் மூலம் தூண்டுகிறதா என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பர்சா எடுத்த கோழிகளில் சில மட்டும் ஏன் எதிர்ப்பொருள் செய்தன என்பதற்கும் விடை இல்லை. ஆனால் இதற்கெல்லாம் பதில் கிடைக்க இன்னும் ஒன்பது வருடமும், வேறு ஆய்வகங்களும், கதிர்வீச்சுக் கருவியும் தேவைப்பட்டன. ஒரு நிகழ்வு உண்மை என்று காட்டிவிட்ட பிறகு, அதன் காரணமும் சேர்ந்தே வர வேண்டும் என்று அடம்பிடித்தால், காரணத்தைத் தேடப் போகிறவருக்கு அப்படி ஒரு நிகழ்வு இருப்பதே தெரியாமல் போய்விடும். இந்தக் கட்டுரைக்குக் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

காப்பாற்றியது விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அங்கே ஹரால்ட் வுல்ஃப் என்ற விலங்கியலாளர் கோழிகளின் எதிர்ப்பொருள்களை வருடக்கணக்காக ஆராய்ந்து வந்தார். அவர் கண்ணில் ‘பௌல்ட்ரி சயின்ஸ்’ பட்டது. அதே பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் மேயரின் குழு 1959-இல் இன்னொரு வழியைக் காட்டியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோனை அடைகாக்கும் முட்டைக்குள்ளேயே செலுத்தினால் பர்சா உருவாகவே உருவாகாது. கத்தியே வேண்டாம். இரண்டு குழுவும் சேர்ந்து 1960-இல் வெளியிட்ட கட்டுரை, நோயெதிர்ப்பியலாளர்கள் எல்லோரும் படிக்கிற இதழில் வந்தது. அப்படிப் பர்சா இல்லாமல் பொரித்த கோழிகளால் எதிர்ப்பொருள் செய்ய முடியவில்லை. பர்சா அப்போதுதான் மருத்துவ உலகத்தின் காதில் விழுந்தது.

தைமஸும் சேர்ந்தபோது

அதே நேரத்தில் லண்டனில் இன்னொரு முனைவர் பட்ட மாணவர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாக் மில்லர். அவருடைய தலைப்பு நோயெதிர்ப்பே இல்லை. எலிகளுக்கு ரத்தப்புற்று உண்டாக்கும் ஒரு வைரஸ். அது தைமஸில் தொடங்கும் புற்று. அந்த வைரஸைப் பிறந்த குட்டிக்குக் கொடுத்தால்தான் பலிக்கும். எனவே தைமஸின் பங்கைப் பார்க்க, பிறந்த அன்றே தைமஸை எடுத்துப் பார்த்தார். பிறந்த எலிக்குட்டி நம் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதன் நெஞ்சைத் திறந்து ஒரு உறுப்பை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிழைத்த குட்டிகள் பால்குடி மறந்த பிறகு, வைரஸ் கொடுத்தவை, கொடுக்காதவை என்ற பேதமில்லாமல் மெலிந்து நோயில் செத்தன. ரத்தத்தில் லிம்ஃபோசைட் குறைந்திருந்தது. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் உடம்பு அதைத் தள்ளவில்லை. 1961-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தைமஸை அதற்கு முன்பும் பலர் எடுத்துப் பார்த்திருந்தார்கள், ஆனால் வளர்ந்த விலங்குகளில். ஒன்றும் ஆகவில்லை, அதனால் அதற்கு வேலை இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். கிளிக் வளர்ச்சியை அளந்ததால் குஞ்சுப் பருவத்துக்குப் போனார். மில்லர் வைரஸின் தேவையால் பிறந்த நாளுக்குப் போனார். பாதை வேறுவேறு. இருவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று: அந்த உறுப்புகளின் வேலை உயிரின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. செல்கள் அங்கே பக்குவப்பட்டு உடம்பெங்கும் பரவிய பிறகு பிறந்த வீட்டை இடித்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

1962-இல் மெல்போர்னில் வார்னரும் ஸென்பெர்கும் கோழியில் இரண்டு உறுப்புகளின் வேலை வேறுவேறாக இருக்கக்கூடும் என்று காட்டினார்கள். அதை ஐயமறப் பிரித்தது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், 1965-இல். மேக்ஸ் கூப்பர், ரேமண்ட் பீட்டர்சன், ராபர்ட் குட் மூவரும் செய்தது இது. பொரித்த குஞ்சில் பர்சாவையோ தைமஸையோ எடுத்துவிட்டு, அதோடு குஞ்சுக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஏன் கதிர்வீச்சு? குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே சில செல்கள் பர்சாவிலிருந்து வெளியேறிவிட்டிருக்கும். அவற்றையும் அழித்தால்தான் கணக்கு நேராகும். கிளிக்கின் கோழிகளில் சில ஏன் எதிர்ப்பொருள் செய்தன என்ற பழைய புதிருக்கு விடையும் இதில்தான் இருந்தது. பர்சா இல்லாமல் கதிர்வீச்சும் பட்ட கோழிகளில் பிளாஸ்மா செல் இல்லை, எதிர்ப்பொருள் இல்லை, ஆனால் பிற கோழியின் தோலை நன்றாகத் தள்ளின. தைமஸ் இல்லாதவற்றில் லிம்ஃபோசைட் வற்றிப்போய், ஒட்டிய தோல் உதிராமல் நின்றது.

கோழியில் பார்த்ததை அவர்கள் குழந்தைகளில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். கிளிக் ஓஹையோவில் கேள்வி கேட்ட அதே 1952-இல், ஆக்டன் புருட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்ப நிமோகாக்கஸ் தொற்றில் விழுந்த 8 வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில், எதிர்ப்பொருள்கள் அடங்கிய புரதப் பகுதியான காமா குளோபுலினே இல்லை என்று எழுதியிருந்தார். அவனுக்கு காமா குளோபுலினை ஊசியில் போட்டதும் தொற்றுகள் நின்றன. அந்தச் சிறுவன், ஒருவகையில், பர்சா எடுத்த கோழி. பாலூட்டிகளுக்குப் பர்சா கிடையாதே, அதற்கு நிகரான இடம் எது என்று டான்சில், குடல்வால், சிறுகுடல் என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். 1970-களின் நடுவில்தான் கருவில் கல்லீரலும் பிறகு எலும்பு மஜ்ஜையும் என்று தெளிவானது. ஆங்கிலத்தில் மஜ்ஜைக்கும் முதலெழுத்து பி என்பதால் வந்த குழப்பம்தான் என் வகுப்பில் வருடந்தோறும் ஒலிக்கிறது. 

பின்னால் வந்ததெல்லாம் பெரிய கதை. பி செல்லைக் குறிவைக்கும் ரிட்டக்சிமாப் என்ற மருந்து 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புருட்டன் கண்ட நோய்க்குக் காரணமான மரபணு 1993-இல் பிடிபட்டது. ஐஐடி மும்பையும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி 2023-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற ரத்தப்புற்றுச் சிகிச்சையும் குறிவைப்பது பி செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தைத்தான். 2019-இல் மில்லருக்கும் கூப்பருக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

பண்ணைக்குத் திரும்பி வந்த பர்சா

இந்த நிகழ்வை நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு வேலை பாதிதான். அவர்களுக்குப் பர்சா தெரியாமல் இருக்கலாம். ‘கம்போரோ’ தெரியாத பண்ணைக்காரர் வீடு கிடையாது.

அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் கம்போரோ என்ற ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் கண்டு, 1962-இல் எழுதப்பட்ட நோய் அது. அந்த வைரஸ் தேடிப்போய்த் தாக்குவது பர்சாவிலிருக்கும் இளம் பி செல்களை. மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகள்தான் அதிகம் மாட்டும். தொற்றிய மூன்று நான்கு நாளில் பர்சா வீங்கி இரட்டிப்பாகும், சில சமயம் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். எட்டாம் நாள் வாக்கில் பார்த்தால் இயல்பான அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப் போயிருக்கும். வைரஸ், கிளிக் கத்தியால் செய்ததைத் தானே செய்துவிடுகிறது.

பிழைத்த குஞ்சுகள் வெளிக்கு நன்றாகவே இருக்கும். பிறகு வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுவார்கள், பிடிக்காது. நோய் வரும், கூட்டமாகச் சாகும். ஊசி மருந்தைக் குறை சொல்வார்கள், குளிர்ப்பெட்டியைக் குறை சொல்வார்கள், ஊசி போட்ட ஆளைக் குறை சொல்வார்கள். சாங்கின் வகுப்பில் குழாய் கலங்கலாகவே நின்ற அதே நிகழ்வு, பத்தாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையில். கம்போரோ தொற்றிய குஞ்சுகளில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பலிக்காது என்று 1972-இல் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது. ஒரு மாணவியின் அப்பா இதைக் கேட்டுவிட்டு, “அந்த வருசம் நாங்க மருந்து கம்பெனிக்காரன்கூட சண்டை போட்டோமே கண்ணு, இதுதானா?” என்று அவளிடம் கேட்டாராம்.

அந்த மாணவி இப்போது கம்போரோ தடுப்பூசியில்தான் முனைவர் பட்டம் செய்கிறாள். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்பொருள் குஞ்சின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசி வேலை செய்யாது. அது வடியும்வரை காத்திருந்தால் அதற்குள் வைரஸ் முந்திக்கொள்ளும். இந்த இடைவெளி எந்த நாள் என்பது அவளுடைய கேள்வி. ஜீன், புரதம், செல்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று நவீனச் சோதனைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பர்சா தப்பித்ததா என்று பார்க்க இன்றும் உலகமெங்கும் செய்கிற முதல் அளவீடு ஒன்று உண்டு. போன மாதம் அவள் ஆய்வகத்துக்குப் போயிருந்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். குஞ்சை முழுதாகத் தராசில் வைத்து ஒரு எண். பர்சாவைப் பிரித்தெடுத்து, ஒட்டிய கொழுப்பைக் கத்தரியால் நீக்கி, வடிதாளில் ஒற்றி, சின்னத் தராசில் வைத்து இன்னொரு எண். இரண்டாவதை முதலாவதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கி நோட்டில் எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் கோழியின் இறக்கைப் பட்டை எண், அது எந்த வாரத்தில் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்ற விவரம்.

“எத்தனை கோழிம்மா பாக்கி?” என்றேன்.

“இன்னும் நாற்பத்தியொண்ணு, மேம்” என்றாள், தராசை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துகொண்டே.